பழைய வீவக வீட்டுக் குளியலறை: டைல்ஸ் வாங்கப் போகும் முன்

சிங்கப்பூரில் தோ பாயோ, குவீன்ஸ்டவுன், அங் மோ கியோ பக்கம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) மறுவிற்பனை வீடு வாங்கியவுடன் பலர் நேரே டைல்ஸ் கடைக்குப் போகிறார்கள். டைல்ஸ் ஓடிவிடாது. சாவி கைக்கு வந்த அன்றே ஒரு டார்ச்சும் பிடி கனமான ஒரு ஸ்க்ரூடிரைவரும் எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய் அண்ணாந்து பாருங்கள். நாற்பது வருட வீட்டில் செலவு இழுப்பது மேல்தளமும் தரையும்தான். சுவர் பெரும்பாலும் சும்மா நிற்கும்.

அதற்கும் முன்னால் ஒன்று. உங்கள் புளோக்கிற்கு இல்ல மேம்பாட்டுத் திட்டம் வந்துவிட்டதா, வரப்போகிறதா என்று வீவக இணையத்தளத்தில் பாருங்கள். 2007இல் அறிவிக்கப்பட்டபோது 1986 வரை கட்டிய வீடுகளுக்கு மட்டும் இருந்தது, 2018இல் 1997 வரை கட்டியவற்றுக்கும் நீட்டினார்கள். பெயர்ந்த கான்கிரீட்டைச் சரிசெய்வது, கழிவுநீர் நெடுங்குழாயை மாற்றுவது போன்ற அத்தியாவசிய வேலைகளுக்குக் குடிமக்கள் காசு கொடுக்க வேண்டியதில்லை. குளியலறையை மொத்தமாக மாற்றுவது விருப்பத் தேர்வு. குடிமக்கள் வீட்டு வகையைப் பொறுத்துச் செலவில் 5 முதல் 12.5 விழுக்காடு கட்டினால் போதும். அடுத்த வருடம் திட்டம் வரும் என்றால் இந்த வருடம் குளியலறையில் பணத்தைக் கொட்டாதீர்கள்.

1. மேல்தளம்: தட்டிக் கேளுங்கள்

ஸ்க்ரூடிரைவரின் பிடியால் மேல்தளம் முழுக்க ஓர் அடிக்கு ஒரு தட்டு தட்டுங்கள். கெட்டியான இடம் கல்லைத் தட்டுவதுபோல ஒலிக்கும். பொத்தலான இடம் 'டொப்' என்று காலிப் பெட்டிபோல ஒலிக்கும். அதைப் பென்சிலால் வட்டமிடுங்கள். பெயின்ட் உப்பியிருப்பதும், நேர்கோட்டில் ஓடும் பழுப்புக் கறையும் அதே நோயின் அறிகுறிகள். உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்து, துரு கம்பியைவிடப் பல மடங்கு இடம் கேட்டு, கான்கிரீட்டைக் கீழே தள்ளுகிறது.

உங்கள் மேல்தளம் மேல்வீட்டுக்காரரின் தரை. மேலிருந்து ஈரம் இறங்கிக்கொண்டே இருந்தால் கீழே எத்தனை முறை பூசினாலும் திரும்பப் பெயரும். ஈரம் இருந்தால் முதலில் வீவக கிளை அலுவலகத்தில் சொல்லுங்கள். ஒழுக்குக்கு நல்லெண்ணப் பழுதுபார்ப்பு உதவித் திட்டம் உண்டு: செலவில் பாதி கழகத்துடையது, மீதியை மேல்வீடும் கீழ்வீடும் ஆளுக்குக் கால் பங்காகப் பிரித்துக்கொள்ளும்.

ஈரமில்லாத சின்னப் பெயர்வு என்றால் குத்தகையாளரிடம் (காண்ட்ராக்டர்) இந்த வரிசையில் கேளுங்கள்:

- பொத்தலான பகுதியைக் கொத்தி, துருவில்லாத கம்பி தெரியும் வரை நீளவாட்டில் போக வேண்டும். கம்பிக்குப் பின்னாலும் 20 மி.மீ. வரை கொத்தினால்தான் புதுக் கலவை கம்பியைச் சுற்றிப் பிடிக்கும்.
- ஓரங்களை நேராக வெட்ட வேண்டும். பப்படம்போல் மெலிந்த ஓரம் முதலில் கழன்றுவிடும்.
- கம்பியை வயர் பிரஷ்ஷால் வெள்ளையாகத் தேய்த்து, துத்தநாகப் பிரைமர் இரண்டு கை.
- பிணைப்புப் பூச்சு பூசி, அது காய்வதற்குள் பாலிமர் கலந்த ரிப்பேர் சிமெண்டுக் கலவை, ஒரு தடவைக்கு 20 மி.மீ.க்கு மேல் வேண்டாம். தலைக்கு மேலே தடியாகப் பூசினால் தன் எடையிலேயே தொங்கும்.

சாதாரண சிமெண்டு, மணல் கொண்டு அப்பி மேலே பெயின்ட் அடித்துத் தருபவரை அனுப்பிவிடுங்கள். தேய்த்த பிறகு கம்பி கண்ணுக்குத் தெரியும்படி இளைத்திருந்தாலோ, பெயர்வு உத்திரத்திலோ தூணிலோ இருந்தாலோ வேலையை நிறுத்திவிட்டு நிபுணத்துவப் பொறியாளரைக் கூப்பிட வேண்டும். கம்பியை அறுப்பது என்ற பேச்சே கூடாது.

ஃபால்ஸ் சீலிங் போடுவதென்றால், கை நுழையும் அளவுக்காவது ஒரு திறப்பு விடுங்கள். மேல்வீட்டுக் குழாய் அங்கேதான் ஓடுகிறது.

2. அனுமதி, சத்தம்

குளியலறைத் தரையை மாற்றவும் சுவரை உடைக்கவும் வீவக அனுமதி வேண்டும். கழகத்தின் பட்டியலில் உள்ள குத்தகையாளர்தான் விண்ணப்பிக்க முடியும். தூண், உத்திரம், கட்டமைப்புச் சுவர் பக்கம் போகவே முடியாது. கொத்துவது, உடைப்பது போன்ற சத்த வேலை வார நாள்களில் காலை 9 முதல் மாலை 5 வரை மட்டும். சனி, ஞாயிறு, பொது விடுமுறை, தீபாவளி போன்ற பெருநாள்களின் முந்தைய நாள் எல்லாம் கிடையாது. பால் காய்ச்சும் நாளை முதலில் குறித்துவிட்டு அதிலிருந்து பின்னோக்கி எண்ணுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அப்படி எண்ணும்போது வெட்டுப்படுவது எப்போதும் நீர்த்தேக்கச் சோதனை (தரையில் நீர் நிறுத்தி ஒழுகுகிறதா என்று பார்ப்பது) நாள்தான். அதற்கு இரண்டு நாளை முதலிலேயே ஒதுக்கிவிட்டு நல்ல நாள் பாருங்கள்.

3. கொத்துதல்

முன்னாள் உரிமையாளர் பழைய டைல்ஸ் மேலேயே புது டைல்ஸ் ஒட்டியிருக்கலாம். வாசல் படியின் உயரத்தைப் பார்த்தாலே தெரியும். எல்லா அடுக்கையும் எடுத்து, கான்கிரீட் தளம் தெரிய வேண்டும். தொடங்கும் முன் ஃப்ளோர் ட்ராப்பையும் (தரை நீர் வடியும் வாய்) கழிப்பறைக் குழாயையும் துணியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி அடைக்கச் சொல்லுங்கள். சிமெண்டுக் கழுவுநீர் நெடுங்குழாயில் இறங்கி இறுகினால் அவதிப்படுவது அந்த வரிசை வீடுகள் எல்லாம்.

தண்ணீரை மூடும் பழைய வால்வு பல வீடுகளில் திருகினாலும் திரும்பாது. முதல் நாளே சோதித்துப் பாருங்கள். மாற்றுவதென்றால் உரிமம் பெற்ற குழாய்ப் பணியாளரை வைத்து பால் வால்வு (ball valve) போடுங்கள்.

4. ஃப்ளோர் ட்ராப்: இங்கேதான் எல்லாம் கெடும்

டைல்ஸும், டைல்ஸ் இடுக்கை நிரப்பும் க்ரௌட்டும் தண்ணீரைத் தடுப்பதில்லை. கொஞ்சம் எப்போதும் கீழே இறங்கி ஸ்க்ரீடில் (டைல்ஸுக்கு அடியில் போடும் சிமெண்டு, மணல் பூச்சு) ஊறும். ஊறிய நீர் வழுக்கி வரும் இடம் ஃப்ளோர் ட்ராப். அங்கே ட்ராப்பின் விளிம்பு, ஸ்க்ரீடுக்கு அடியில் பூசும் நீர்த்தடுப்புப் படலத்தைவிட உயரமாக இருந்தால் அந்த நீருக்கு வெளியேற வழியில்லை. டைல்ஸுக்கு அடியில் வருடக்கணக்கில் ஒரு குளம் நிற்கும். க்ரௌட் கறுக்கும், என்ன தேய்த்தாலும் சாக்கடை நாற்றம் போகாது, கடைசியில் கீழ்வீட்டுக் கூரையில் கறை படியும். மேலே படலம் பூசியது சரியாகவே இருந்தாலும் இப்படித்தான் ஆகும்.

ஆகவே கொத்திய பிறகு ட்ராப்பைக் குனிந்து பாருங்கள். பழைய வீடுகளில் அது வார்ப்பிரும்பு. அதன் விளிம்பு தளத்தோடு சமமாகவோ 5 மி.மீ. பள்ளமாகவோ இருக்க வேண்டும். உயர்ந்திருந்தால் அறுத்துத் தாழ்த்த வேண்டும். ட்ராப்பையே மாற்றுவதென்றால் கீழ்வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே பேசுங்கள், ஏனென்றால் அதன் வளைகுழாய் தொங்குவது அவர் வீட்டுக் கூரையடியில்.

குழாயைச் சுற்றிக் கான்கிரீட்டில் 20 மி.மீ. அகலம், 20 மி.மீ. ஆழம் பள்ளம் தோண்டி, சுருங்காத க்ரௌட் நிரப்புங்கள். இரும்பின் துருவை வயர் பிரஷ்ஷால் நீக்காமல் படலம் பூசினால் அது துருவைப் பிடித்துக்கொண்டு துருவோடு கழன்று வரும். படலம் விளிம்பில் நிற்காமல் வளைந்து குழாயின் தொண்டைக்குள் 50 மி.மீ.யாவது இறங்க வேண்டும். கம்பிச் சல்லடை உட்காரும் மேல் வளையத்தின் பக்கவாட்டில் சிறு துளைகள் இருக்கட்டும், ஸ்க்ரீடில் ஊறியது அதன் வழியே இறங்கும். அந்தத் துளைகளைச் சிமெண்டால் அடைத்துவிட்டு 'ஃபினிஷிங் நல்லா இருக்கு' என்பார்கள். கவனம்.

5. படலம்

நெகிழும் இருகூறுச் சிமெண்டுப் படலம்தான் என் தேர்வு. பாலியூரிதேன் திரவம் மோசமில்லை, ஆனால் ஈரக் கான்கிரீட்டில் சண்டித்தனம் செய்யும்; நம் ஊர் ஈரப்பதத்தில் ஒரு பழைய தளம் முழுக்கக் காயும் என்று நம்பி உட்கார முடியாது.

சுவரும் தரையும் சேரும் மூலையில் 20 மி.மீ. கலவைச் சரிவு கொடுத்து, அதன்மேல் வலைநாடா. தளத்தை நனைத்துத் தேங்கிய நீரைத் துடைத்துவிட்டு முதல் கை, காய்ந்தபின் அதற்குக் குறுக்காக இரண்டாம் கை, மொத்தம் 2 மி.மீ. இரண்டு கைக்கும் வேறு வேறு நிறம் வாங்கினால் விட்டுப்போன இடம் கண்ணில் படும். சுவரில் 150 மி.மீ. ஏற்றம், ஷவர் பகுதியில் 1.8 மீட்டர். வாசல் படியின் மேலும், கதவு நிலைக்கு அடியிலும் மறக்காதீர்கள். நிலை அடியில் உளுத்துப்போவது அதனால்தான்.

6. நீர்த்தேக்கச் சோதனை

ட்ராப்பை அடைத்து 25 முதல் 50 மி.மீ. நீர் நிறுத்தி, சுவரில் பென்சில் கோடு போட்டு 24 மணி நேரம் விடுங்கள். பக்கத்தில் ஒரு வாளியில் அதே அளவு நீர் வைத்து அதிலும் கோடு போடுங்கள். மறுநாள் வாளியில் 2 மி.மீ. குறைந்து தரையில் 6 மி.மீ. குறைந்திருந்தால் 'ஆவியாகிவிட்டது' என்ற சமாதானம் செல்லாது. கீழ்வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு அவர் கூரையை முந்தைய நாளே படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கறை எது, புதிய கறை எது என்ற சண்டை வராது.

7. ஸ்க்ரீட், டைல்ஸ்

வீவக விதிப்படி ஸ்க்ரீடும் சேர்த்துத் தரை கனம் 50 மி.மீ. தாண்டக்கூடாது. ட்ராப் பக்கம் ஸ்க்ரீட் 15, பசை 4, டைல்ஸ் 10 என்றால் 29 ஆயிற்று. ட்ராப்பிலிருந்து 1.5 மீட்டர் தூர மூலைக்கு மீட்டருக்கு 10 மி.மீ. சரிவு கொடுத்தால் 44. மீட்டருக்கு 15 கொடுத்தால் 51.5, வரம்பு தாண்டிவிட்டது. பெரிய டைல்ஸ் சரிவுக்கு வளையாது, 300க்கு 300 போதும். டைல்ஸ் ஒட்டியபின் சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள்.

பின்சேர்க்கை: ஹீட்டர்

நிறையப் பேர் கேட்டது. 1994க்கு முன் முடிந்த புளோக்குகளில் வீட்டு மெயின் 30 ஆம்பியராக இருக்கும். ஹீட்டரும் குளிரூட்டியும் ஓவனும் ஒன்றாக ஓடினால் தாங்காது. 40க்கு உயர்த்த வேண்டும். 1985க்கு முந்தைய வீடு என்றால் பெட்டியில் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) இருக்கிறதா என்றும் பாருங்கள், 2025 ஜூலை 1 முதல் எல்லா வீட்டிலும் கட்டாயம். இதற்கு உரிமம் பெற்ற மின்பணியாளர் வேண்டும், டைல்ஸ் ஒட்டுபவரின் தம்பி போதாது.

பின்சேர்க்கை: குந்தும் கழிப்பறையை மாற்றுவது

உட்காரும் பேசின் வாங்கும் முன் தரையில் இருக்கும் கழிவுக்குழாயின் நடுவிலிருந்து, டைல்ஸ் ஒட்டியபின் வரும் சுவர் வரை அளந்துகொள்ளுங்கள். கொத்திய சுவரிலிருந்து அளந்தால் கணக்கு 15 மி.மீ. தவறும், தொட்டி சுவரில் இடிக்கும். ஸ்க்ரீட் போடும் முன் எல்லாக் குழாயையும் படம் எடுத்து வையுங்கள். படத்தில் அளவுநாடாவும் தெரியட்டும்.