சிற்றலையில் (ஷார்ட்வேவ்) தூரத்து நிலையம் பிடிக்கிறீர்களா? நான் செய்த தவறுகளைச் செய்யாதீர்கள்

போன மாதம் அண்ணன் மகன் கையடக்க டிஜிட்டல் ரேடியோ ஒன்றை வாங்கி வந்தான். "சித்தப்பா, சிற்றலையில் ஒண்ணுமே எடுக்கல. வெறும் கரகரப்புதான்" என்றான். போய்ப் பார்த்தேன். மத்தியானம் இரண்டு மணி, தகரக் கூரைக்குக் கீழே கட்டில், தலைமாட்டில் செல்போன் சார்ஜர், ரேடியோ 49 மீட்டர் பேண்டில். ஒரே இடத்தில் மூன்று தவறு. சார்ஜரைத் தவிர மற்ற இரண்டையும் நானும் செய்தவன்தான். எங்கள் காலத்தில் சார்ஜர் கிடையாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

கேரள மலையில், வண்டிப்பெரியாறு பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் லயத்தில் (தொழிலாளர்களின் வரிசை வீடு) வளர்ந்தேன். 1988-இல் அப்பா மலையிறங்கிக் கம்பம் டவுனுக்குப் போய் மூன்று பேண்ட் டிரான்சிஸ்டர் ஒன்று வாங்கி வந்தார். அவருக்குத் தேவை சினிமாப் பாட்டு. எனக்குப் பிடித்துப்போனது, பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் முள்ளை நகர்த்தும்போது வந்துபோகும் புரியாத பாஷைகள்.

முதலில் கூரை. தகரம் ரேடியோ அலையை உள்ளே விடாது. உள்ளே ஏரியலை எவ்வளவு நீட்டினாலும் பிரயோஜனம் இல்லை. வாசலில் வைத்த அதே ரேடியோ உயிர் பெற்றுவிடும். பத்துப் பதினைந்து மீட்டர் சாதாரண வயரை வெளியே மரத்துக்கு இழுத்துக்கட்டி, மறுமுனையை ஏரியலில் சுற்றினால் போதும். மரம் காற்றில் ஆடும், அதனால் வயரைத் தொய்வாகக் கட்டுங்கள். நான் விறைப்பாகக் கட்டி, முதல் காற்றிலேயே ரேடியோவைத் திண்ணையிலிருந்து கீழே இழுத்துவிட்டேன். கரண்ட் கம்பி போகும் பக்கம் வயரை வீசவே கூடாது. அப்புறம் இடி. எங்கள் ஊரில் துலாவர்ஷம் என்றால் ஐப்பசியில் தினமும் சாயங்காலம் மின்னல்தான். மேகம் கறுத்தால் வயரைக் கழற்றி வெளியே போட்டுவிட வேண்டும். "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்று கேட்டுக்கொண்டிருக்கிற வேலை வேண்டாம்.

மலைமேல் இருக்கிறோம், நன்றாக எடுக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். எஃப்எம்முக்கு அது சரி. சிற்றலை வருவது மேலேயிருந்து. வானத்தில் வெகு உயரத்தில் இருக்கும் மின்னேறிய அடுக்கான அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி வருகிறது. அதற்கு நம் மலை ஒரு உயரமே இல்லை. எங்களுக்கு இருந்த வசதி வேறு: சுற்றிலும் மின்சாதனங்கள் குறைவு, அதனால் இரைச்சல் குறைவு. இன்று எல்இடி பல்பு, இன்வர்ட்டர், சார்ஜர் எல்லாம் சேர்ந்து அதையும் கெடுத்துவிட்டன. பேட்டரியில் போட்டு, வீட்டை விட்டு இருபதடி தள்ளிப்போய் உட்காருங்கள். முக்கால்வாசிக் கரகரப்பு அங்கேயே நின்றுவிடும்.

நேரத்துக்கும் பேண்டுக்கும் உள்ள உறவு தெரியாமல்தான் பலர் ரேடியோவைக் குறை சொல்கிறார்கள். பகலில் அயனி மண்டலத்தின் கீழ் அடுக்கு குறைந்த அதிர்வெண்களை விழுங்கிவிடும். மீட்டர் எண் கூடினால் அதிர்வெண் குறைவு. அதனால் 49, 41 மீட்டர்களில் இரவில்தான் தூரத்து நிலையங்கள் வரும். பகலில் 19, 16 மீட்டர் பக்கம் போக வேண்டும். இதற்கு மேல் சூரியனின் பதினோரு வருடக் கணக்கு வேறு இருக்கிறது. 1989 வாக்கில் சூரியப்புள்ளிகள் உச்சத்தில் இருந்தன. 16 மீட்டரில் முள்ளை வைத்த இடமெல்லாம் நிலையம். தொண்ணூறுகளின் நடுவில் அதே பேண்ட் ஊமையாகிவிட்டது. நான் என்ன நினைத்தேன்? செட் பழசாகிவிட்டது என்று.

அதனால் செய்ததுதான் என் வாழ்நாள் தவறு. பின்மூடியைக் கழற்றினேன். உள்ளே மஞ்சள், வெள்ளை, கறுப்பு, சிவப்பு என்று சின்னச் சின்னத் தகர டப்பாக்கள், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு திருகு வெட்டு. பார்த்தால் லூசான ஸ்க்ரூ மாதிரியே இருக்கும். நான்கையும் நன்றாக இறுக்கினேன். அவை ஸ்க்ரூ அல்ல. சுருளுக்குள் இருக்கும் கோர். கால் சுற்று திருகினாலே ட்யூனிங் கெடும். சிவப்பைத் தொட்டால் நிலையங்கள் டயலில் இடம் மாறிவிடும். அப்பாவின் திருச்சி நிலையம் அன்றோடு காணாமல் போனது. அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. சாயங்காலமானால் ரேடியோவைப் பார்த்தபடி பேசாமல் டீ குடிப்பார். திட்டியிருக்கலாம்.

அடுத்தது கேட்டதைத் தப்பாக அடையாளம் காண்பது. இதில் இரண்டு வகை. ஒன்று ரேடியோ ஏமாற்றுவது. டயலில் 11 மெகாஹெர்ட்ஸ் அருகே, 25 மீட்டர் பேண்டுக்கு வெளியே, தினமும் காலையில் பழைய இந்திப் பாட்டு வரும். எந்தப் பட்டியலிலும் இல்லாத ரகசிய நிலையம் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாக ஆறு மாதம் பெருமைப்பட்டேன். கடைசியில் பார்த்தால் அது 11905 கிலோஹெர்ட்ஸில் ஒலிபரப்பான இலங்கை வானொலி. எளிய ரேடியோக்களின் இடைநிலை அதிர்வெண் (வரும் அலையை ரேடியோ தனக்குள் மாற்றிக்கொள்ளும் அதிர்வெண்) 455 கிலோஹெர்ட்ஸ். பலமான நிலையம் அதன் இரு மடங்கு, அதாவது 910 தள்ளியும் நிழல் மாதிரி கேட்கும். 11905-இல் 910 போனால் 10995. சந்தேகம் வந்தால் 910 கூட்டி அங்கேயும் தேடிப் பாருங்கள்.

இன்னொன்று ஆசை ஏமாற்றுவது. 60 மீட்டரில் ஒரு ராத்திரி மெலிதாகப் புல்லாங்குழல் கேட்டது. அந்தப் பேண்டில் தென் அமெரிக்க நிலையங்கள் வரும் என்று படித்திருந்தேன். உடனே நோட்டில் 'பெரு, ஆண்டிஸ் மலை இசை' என்று எழுதிவிட்டேன். எனக்கு இந்தப் பைத்தியத்தைப் பழக்கிய மாஷ் (பள்ளிக்கூட வாத்தியாரை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்) மறுநாள் அதைப் பார்த்துவிட்டு, "ஸ்டேஷன் பேரு பறஞ்சோ?" (பேர் சொன்னார்களா?) என்றார். இல்லை. ராத்திரி மறுபடி அதே இடத்தில் காத்திருந்தேன். குழல் முடிந்ததும், "ஆகாசவாணி, திருவனந்தபுரம்." 5010 கிலோஹெர்ட்ஸ். பஸ் ஏறினால் ஒரே நாளில் போய்விடலாம்.

அடையாளம் தெரிய வேண்டுமானால் மணி அடிக்க ஐந்து நிமிஷம் முன்பே போய்க் காத்திருக்க வேண்டும். நிலையத்தின் பெயரும் அடையாள இசையும் பெரும்பாலும் அப்போதுதான் வரும். 2017-இல் சிற்றலையை விட்ட ரேடியோ ஆஸ்திரேலியாவின் குக்கபரா பறவைச் சிரிப்பை ஒருமுறை கேட்டவருக்கு அன்று அறிவிப்பே தேவைப்படவில்லை. பாதி நிகழ்ச்சியில் நுழைந்து, இரண்டு நிமிஷம் கேட்டுவிட்டு நகர்ந்துவிட்டால் எதுவும் தெரியாது.

கேட்டது எப்படி இருந்தது என்று நிலையத்துக்குக் கேட்பறிக்கை எழுதுவதில் நம்மவர்கள் செய்யும் தவறு, மரியாதை. 'நிகழ்ச்சி அருமை, ஒலி தெளிவு' என்று எழுதி, சின்போவில் 55555 போட்டு, கீழே 'காலண்டர் அனுப்பவும்' என்று முடிப்பது. சின்போ என்பது சிக்னல் வலிமை, பிற நிலையக் குறுக்கீடு, இரைச்சல், அலை ஏற்ற இறக்கம், மொத்த மதிப்பு என்ற ஐந்துக்கும் ஒன்று முதல் ஐந்து வரை போடும் மார்க். நாலில் எது குறைவோ, மொத்த மதிப்பு அதைத் தாண்டக்கூடாது. நிலையத்தின் பொறியாளருக்கு வேண்டியது 34333 என்ற உண்மை. நீங்கள்தான் கேட்டீர்கள் என்பதற்கு, எந்த நிமிஷத்தில் என்ன செய்தி, ஆண் குரலா பெண் குரலா என்று எழுத வேண்டும். நீங்கள் கேட்டதை உறுதிசெய்து நிலையம் அனுப்பும் கியூஎஸ்எல் அட்டை அதற்குத்தான் கிடைக்கும், புகழ்ச்சிக்கு இல்லை.

நேரத்தை உலக நேரத்தில் எழுதுங்கள். நம் நேரத்தில் ஐந்தரை மணி கழித்தால் போதும் என்பது எல்லோருக்கும் தெரியும், தேதி மாறுவதுதான் மறந்துபோகும். 12-ஆம் தேதி விடிகாலை நாலு மணி என்பது உலக நேரப்படி 11-ஆம் தேதி 22:30. நான் 12 என்று எழுதி அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்து எஸ்டேட் ஆபீஸுக்கு வெளிநாட்டு ஸ்டாம்ப் ஒட்டிய கவர் வந்தது. கணக்கப்பிள்ளை எல்லோர் முன்னாலும் பிரிக்கச் சொன்னார். உள்ளே அட்டை இல்லை. நீங்கள் சொன்ன தேதியில் அந்த நிகழ்ச்சி இல்லை என்று இரண்டு வரி மட்டும்.

குறிப்புகளைப் பென்சிலில் எழுதுவது நல்லது. இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) ஈரத்தில் என் இரண்டு நோட்டின் மை ஊறிப் போய்விட்டது. ராத்திரி இயர்போன் போடுங்கள். லயத்தில் நடுச்சுவர் பொதுச்சுவர். விடிந்தால் கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் அந்தப் பக்கம் தூங்குவார்கள்.

இப்போது பல நிலையங்கள் மூடிவிட்டன. பிபிசி தமிழோசை 2017 ஏப்ரலோடு சிற்றலையை விட்டது. அதற்காக ஒன்றுமே இல்லை என்று ரேடியோவைப் பரணில் போட வேண்டாம். சீன வானொலி எந்த நேரமும் எங்காவது அகப்படும். நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழக ரிசீவரை இணையத்தில் திறந்து கேட்கலாம், தப்பில்லை. ஆனால் அதில் கேட்டதை வீட்டு வாசலில் கேட்டதாக எழுதி அட்டை வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

அண்ணன் மகனை அன்று ராத்திரி ஒன்பது மணிக்கு வெளியே கூட்டிப்போய் உட்கார வைத்தேன். 41 மீட்டரில் ஏதோ ஒரு பாஷை. "அரபியா சித்தப்பா?" என்றான். மணி பத்தாகட்டும் என்றேன்.