டைனோசூக்கஸ்: எலும்பைப் பார்த்து இனம் காண்பது எப்படி

டைனோசூக்கஸ் என்றதும் எல்லாரும் முதலில் கேட்பது, எத்தனை மீட்டர் நீளம்? அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். சுமார் 8 கோடி ஆண்டுகளுக்கு முன் வட அமெரிக்காவில் வாழ்ந்த இந்த விலங்கு முதலைகளில் எந்தக் கிளையைச் சேர்ந்தது என்பதை நீளம் சொல்லாது, எலும்புதான் சொல்லும்.

மண்டையோட்டுப் படம் கிடைத்தால் முதலில் எது அசல் எலும்பு, எது பூச்சு என்று பிரித்துப் பாருங்கள். நியூயார்க் அருங்காட்சியகத்தில் வைத்திருந்த அந்தப் புகழ்பெற்ற மண்டையோட்டில் கருமையான பகுதிகள் மட்டும்தான் எலும்பு, வெளிறித் தெரிவது பிளாஸ்டர். டெக்சாஸில் கிடைத்த துண்டுகளை வைத்து, இல்லாத இடங்களைக் கியூபா முதலையின் மாதிரியில் நிரப்பி, 1954-இல் தொல்லுயிர் ஆய்வாளர்கள் கோல்பர்ட்டும் பேர்டும் அதை விவரித்தார்கள். அதை நம்பித்தான் உடல் 15 மீட்டர் என்ற கணக்கு வந்தது. இப்போதைய மதிப்பீடுகளில் பெரியவையே 10 முதல் 12 மீட்டருக்குள் அடங்கிவிடுகின்றன.

சரி, இனி மூக்கு நுனி. இதில்தான் நின்று பார்க்க வேண்டும். மூக்குத் துளைக்கு முன்னால், மேல்தாடையின் நுனி எலும்பில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பெரிய ஓட்டைகள் இருக்கும். வேறு எந்த முதலையிலும் இப்படிக் கிடையாது, அதனால் இது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அதே நுனி எலும்பில் ஒவ்வொரு பக்கமும் நான்கு பற்கள், முன்னால் உள்ள இரண்டு சிறியவை. தாடையின் பின்பக்கம் போகப் போகப் பற்கள் குட்டையாகி, உருண்டு, மழுங்கிவிடும், ஆமை ஓட்டை நொறுக்கத் தோதான பற்கள். கடிபட்ட ஆமை ஓடுகளும் கிடைத்திருக்கின்றன. மண்டையோடே இல்லை, முதுகுத் தகடுகள்தான் இருக்கின்றன என்றால் அவற்றின் தடிப்பைப் பாருங்கள்: கனமாக, ஆழமான குழிகளோடு, சில கிட்டத்தட்ட அரைக்கோளம் போலவே இருக்கும்.

அப்புறம் வகைப்பாடு. முதுகெலும்புக் கண்ணி முன்பக்கம் குழிந்து பின்பக்கம் புடைத்திருக்கிறதா, வாய்க்குள் எலும்பாலான இரண்டாம் அண்ணம், அதாவது மூச்சுப் பாதையை வாயிலிருந்து பிரிக்கும் எலும்புத் தளம், இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் யூசூக்கியா, அதாவது இன்றைய முதலைகள் அடங்கும் பெரும்பிரிவு. அதற்கு மேல் போகும்போதுதான் நிதானம் வேண்டும். வாயை மூடினால் அலிகேட்டருக்குக் கீழ்த்தாடையின் 4-ஆம் பல் உள்ளே குழியில் மறைந்துவிடும், சாதாரண முதலைக்கு வெளியே தெரியும். டைனோசூக்கஸுக்கும் அது வெளியே தெரிந்திருக்கும் என்கிறார்கள். ஆனாலும் பல ஆண்டுகளாக அதை அலிகேட்டரின் தொன்மையான உறவாகவே வைத்திருந்தார்கள், ஏனென்றால் ஒரு பல்லை மட்டும் வைத்து யாரும் கிளையை முடிவு செய்வதில்லை. 2025-இல் வந்த ஓர் ஆய்வு, அது அலிகேட்டர் கிளையிலேயே இல்லை, இன்றைய முதலைகள் பிரிவதற்கு முன்பே விலகிய கிளை என்று வாதிடுகிறது. எனக்கு அந்த வாதம் வலுவாகப் படுகிறது, இருந்தாலும் குறிப்பேட்டில் 'யூசூக்கியா, டைனோசூக்கஸ்' என்று எழுதி, அலிகேட்டர் உறவு என்ற இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வைப்பதே நேர்மை.

சிற்றினப் பெயருக்கு வெறும் பல் போதாது. 1858-இல் வட கரோலினாவில் கிடைத்த இரண்டு பற்களுக்கு வைத்த ருகோசஸ் என்ற பெயரை 2020-இல் ஒதுக்கிவிட்டு, மற்ற எலும்புகளைப் பார்த்து வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதி விலங்குக்கு ஷ்விம்மெரி என்று புதுப் பெயர் வைத்தார்கள்.