மாற்றியமைத்த கோபோ ரீடரைப் பழையபடி ஆக்குவது எப்படி?

கோரீடர் (வேறொரு வாசிப்புச் செயலி), நிக்கல்மெனு (மெனுவில் புது வசதிகளைச் சேர்ப்பது) எல்லாம் ஏற்றிய உங்கள் மின்னூல் கருவியான கோபோ ரீடரை வேறொருவருக்குக் கொடுக்கப் போகிறீர்களா? அல்லது அது அடிக்கடி உறைந்து நிற்கிறதா? கம்பெனி மென்பொருளுக்குத் திரும்புவது சுலபம். ஆனால் ரீசெட் செய்தால் புத்தகங்களோடு நீங்கள் கோடிட்ட வரிகளும் அழிந்துவிடும். அதனால் முதல் வேலை, அவற்றைக் காப்பாற்றுவதுதான்.

படி 1: நகல் எடுங்கள்

ரீடரை யூஎஸ்பி கேபிளில் கணினியோடு இணைத்து, மறைந்திருக்கும் கோப்புகளையும் காட்டும்படி வையுங்கள். பெயரின் முன்னால் புள்ளி உள்ள கோபோ ஃபோல்டருக்குள் 'கோபோரீடர்' என்ற எஸ்க்யூலைட் கோப்பு (தரவுகளைச் சேர்த்து வைக்கும் கோப்பு) இருக்கும். கோபோவின் சொந்தச் செயலியில் போட்ட கோடுகளும் குறிப்புகளும் அதில்தான் இருக்கின்றன. கோரீடரில் போட்டவை அங்கே இருக்காது. வழக்கமாக ஒவ்வொரு புத்தகத்தின் பக்கத்திலும் 'எஸ்டிஆர்' என்று முடியும் ஃபோல்டர் ஒன்று இருக்கும். அவை அதற்குள் இருக்கும். புத்தகத்தை மட்டும் எடுத்துவிட்டு இந்த ஃபோல்டரை விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். பொறுக்கி எடுக்காமல், ரீடரில் உள்ள எல்லாவற்றையும் ஃபோல்டர் அமைப்பு மாறாமல் அப்படியே நகலெடுத்துவிடுங்கள்.

படி 2: நிக்கல்மெனு மட்டும்தான் இருக்கிறதா?

அப்படியானால் ரீசெட்டே வேண்டாம். புள்ளியோடு தொடங்கும் 'ஆட்ஸ்' ஃபோல்டருக்குள் 'என்எம்' என்றொரு ஃபோல்டர் இருக்கும். அதில் 'அன்இன்ஸ்டால்' என்ற பெயரில், ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், ஒரு வெற்றுக் கோப்பை உருவாக்குங்கள். பெயருக்குப் பின்னால் 'டெக்ஸ்ட்' வால் ஒட்டிக்கொள்ளக் கூடாது. விண்டோஸ் அதை மறைத்தே வைத்திருக்கும், பார்த்து நீக்குங்கள். பிறகு ரீடரை அணைத்துப் போட்டால் போதும்.

'ஆட்ஸ்' ஃபோல்டரை அழித்தாலே எல்லாம் போய்விடும் என்று நினைக்க வேண்டாம். மாற்றங்களில் ஒரு பகுதி, கேபிளில் இணைத்தாலும் கண்ணுக்குத் தெரியாத சிஸ்டம் பிரிவில் உட்கார்ந்திருக்கும்.

படி 3: ஃபேக்டரி ரீசெட்

பேட்டரியை நன்றாக சார்ஜ் செய்துகொள்ளுங்கள். செட்டிங்ஸில் டிவைஸ் இன்ஃபர்மேஷன் பகுதிக்குப் போய் ஃபேக்டரி ரீசெட் கொடுங்கள். கோபோ தன் மூல மென்பொருளின் நகலை உள்ளேயே ஒரு தனிப் பிரிவில் வைத்திருக்கிறது. அதிலிருந்து சிஸ்டத்தைத் திரும்ப எழுதும்போது, நாம் செருகிய எல்லாமே போய்விடும். முடியும்வரை பவர் பட்டனைத் தொடாதீர்கள்.

படி 4: அப்புறம்

முதல் திரையில் மொழி கேட்கும். வேறொருவருக்குக் கொடுப்பதானால் இங்கேயே அணைத்துவிடலாம். உங்கள் கணக்கு அதில் இருக்காது.

நீங்களே வைத்துக்கொள்வதானால், வைஃபையில் இணைத்துக் கணக்கில் நுழையுங்கள். வந்திருப்பது கருவி விற்பனைக்கு வந்தபோது இருந்த பழைய பதிப்பாக இருக்கலாம், எனவே முதலில் அப்டேட் முடியட்டும். அதன் பிறகே புத்தகங்களையும் எஸ்க்யூலைட் கோப்பையும் திரும்பப் போடுங்கள். புதிய பதிப்பில் உருவான தரவைப் பழைய பதிப்பு சரியாகப் படிக்காமல் போகலாம். புத்தகங்கள் முன்பு இருந்த அதே ஃபோல்டரில், அதே பெயரில் இருக்க வேண்டும். நாமே கேபிள் வழியாக ஏற்றிய புத்தகங்களில், கோபோ ஒவ்வொரு கோட்டையும் கோப்பின் முகவரியை வைத்தே புத்தகத்தோடு சேர்க்கிறது. இடம் மாறினால் குறிப்பு இருந்தும் புத்தகத்தில் தெரியாது.