காங்கேயன் என்று பெயர் வைக்கும் முன்

ஆற்றுப் பெயர் என்றாலே நம் ஊரில் பெண் குழந்தைக்குத்தான். காவேரி, யமுனா, நர்மதா, வைகை என்று வரிசையாக வரும். பையனுக்கு வேண்டுமென்றால் கொஞ்சம் தேட வேண்டும். தேடுகிறவர்கள் வந்து நிற்கும் பெயர்களில் ஒன்று காங்கேயன்.

பொருள் 'கங்கை' என்று நினைப்பதுதான் முதல் தவறு. குந்தி மகன் கௌந்தேயன், ராதை மகன் ராதேயன். அதே கணக்கில் கங்கை மகன் காங்கேயன். கங்காதரனோடும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது கங்கையைச் சடையில் தாங்கிய சிவன், அதாவது நம் காங்கேயனான முருகனின் அப்பா! சில பட்டியல்களில் 'தங்கம்' என்று போட்டிருப்பார்கள். அது தவறில்லை, காங்கேயம் என்றால் பொன் என்றும் பொருள் உண்டு.

"பீஷ்மர் பேராச்சே, கல்யாணமே பண்ணிக்காதவர் பேரை வைக்கலாமா?" என்று வீட்டில் ஒருவர் கேட்பார். இதற்குப் பயந்து பெயரைக் கைவிடாதீர்கள். பீஷ்மருக்கும் அந்தப் பெயர் உண்டுதான். ஆனால் நமக்குக் காங்கேயன் என்றால் முருகன். சிவனின் நெற்றிக்கண் பொறிகளைக் கங்கை சுமந்து சரவணப் பொய்கையில் சேர்த்தது கந்தபுராணக் கதை. மாவிட்டபுரம் முருகன் சிலை வந்திறங்கிய இடம் என்பதால்தான் யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்கு அந்தப் பெயர் என்று சொல்வார்கள். வேலூர்ப் பக்கம் வாரியார் சுவாமிகள் பிறந்த ஊர் காங்கேயநல்லூர். ஆக, 'புத்தம் புதுப் பெயர்' என்று பெருமையடிக்கவும் வேண்டாம். அரிதான பெயர், அவ்வளவுதான்.

உண்மையான தலைவலி ஆங்கில எழுத்தில். என் அக்கா மகனுக்குப் பிறப்புச் சான்றிதழில் 'கே', ஆதாரில் 'ஜி'. தமிழில் இரண்டுக்கும் ஒரே 'கா' என்பதால் வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. பள்ளியில் சேர்க்கப் போன அன்றுதான் தெரிந்தது. அப்புறம் எண்கணிதம் பார்த்து நடுவில் இன்னொரு 'ஏ' சேர்க்கச் சொன்னார்கள். அக்கா கும்பிடு போட்டுவிட்டாள்.

அவசரமும் வேண்டாம். பிறப்பைப் பதிய 21 நாள்தான், ஆனால் பெயரைச் சேர்க்க ஓராண்டு வரை கட்டணம் கிடையாது. அதன் பிறகும் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். எழுத்தை முடிவுசெய்துவிட்டுப் போங்கள்.

பள்ளியில் 'காங்கேயம் காளை' என்று கூப்பிடுவார்களே என்றால், ஆமாம், கூப்பிடுவார்கள். அக்கா மகன் இப்போது நோட்டு அட்டையில் திமிலோடு ஒரு மாடு வரைந்து வைத்திருக்கிறான்.