ஃபங்ஷன் ட்ரேசரை ஆன் செய்ததும் மெஷின் உறைந்துபோனால்

லினக்ஸ் கெர்னலுக்குள் எந்தெந்த ஃபங்ஷன் ஓடுகிறது என்று பதிவு செய்யும் எஃப்ட்ரேஸின் ஃபங்ஷன் ட்ரேசரை ஆன் செய்ய, கரண்ட் ட்ரேசர் கோப்பில் ஃபங்ஷன் என்று எழுதி என்டர் தட்டினீர்கள், அத்தோடு கர்சர்கூடத் துடிக்காமல் மெஷின் நின்றுவிட்டது. ட்ரேஸ் செய்யக் கூடாத ஏதோ ஒரு ஃபங்ஷன் மாட்டியிருக்கிறது என்பதுதான் முதல் சந்தேகம். ட்ரேசர் தன் வேலைக்காக அதைக் கூப்பிடும், அது நுழைந்ததுமே திரும்ப ட்ரேசரைக் கூப்பிடும், அப்புறம் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். கெர்னலில் இதற்குத் தடுப்பு உண்டு, ஆனால் எல்லா இடத்திலும் அது காப்பாற்றாது.

சோர்ஸைப் படித்து ஊகிக்க உட்காராதீர்கள், நாள் போய்விடும். பாதி பாதியாக வெட்டுங்கள். ட்ரேஸ் செய்யக்கூடிய ஃபங்ஷன்களைப் பட்டியலிடும் அவெய்லபிள் ஃபில்டர் ஃபங்ஷன்ஸ் கோப்பில் 50,000 பெயர் இருந்தாலும் 16 சுற்றுக்குள் ஒன்றில் வந்து நிற்கலாம்.

அந்தப் பட்டியலை ஹோம் டைரக்டரிக்கு எடுத்துக்கொள்ளுங்கள். டெம்ப் டைரக்டரி வேண்டாம், பல சிஸ்டங்களில் அது ரேமில் இருப்பதால் ரீபூட்டோடு போய்விடும். எவற்றை மட்டும் ட்ரேஸ் செய்வது என்று சொல்லும் செட் எஃப்ட்ரேஸ் ஃபில்டர் கோப்பில் முதல் பாதியை எழுதி, எந்தச் சுற்று என்று ஒரு கோப்பில் குறித்து, அதை டிஸ்க்கில் சேர்க்க சிங்க் கட்டளை கொடுத்துவிட்டு, ட்ரேசரை ஆன் செய்யுங்கள். அந்த சிங்க்கை ஒருமுறை விட்டுவிட்டு, ரீபூட்டுக்குப் பிறகு குறிப்புக் கோப்பு 0 பைட்டில் கிடப்பதைப் பார்த்தேன். அன்றிலிருந்து எந்தச் சுற்றில் இருக்கிறேன் என்பதைத் தாளிலும் எழுதி வைக்கிறேன்.

உறைந்தால் குற்றவாளி இந்தப் பாதியில், இதுவே புதிய பட்டியல். உறையவில்லையா, எதையும் ட்ரேஸ் செய்யாத நாப் ட்ரேசருக்குத் திரும்பி மற்ற பாதியை எடுங்கள். வெட்டுகிற வேலைக்கு கெர்னல் சோர்ஸிலேயே, ஸ்கிரிப்ட்ஸ் டைரக்டரிக்குள் ட்ரேசிங்கில், எஃப்ட்ரேஸ் பைசெக்ட் என்று ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் இருக்கிறது. ஆயிரக்கணக்கில் பெயர்களை எழுதினால் ஃபில்டர் ஆமை வேகத்தில் நகரும்; 5.1 கெர்னலிலிருந்து பெயருக்குப் பதில் பட்டியலில் அதன் வரிசை எண்ணையே கொடுக்கலாம், சட்டென்று முடியும். ஒன்று மட்டும், மாட்யூல்கள் ஏறும் வரிசை மாறினால் எண்ணும் மாறலாம்.

இரண்டு பாதியுமே உறைந்தால் குற்றவாளிகள் ஒன்றுக்கு மேல். ஒருவரைப் பிடித்து, ட்ரேஸ் செய்யாமல் விட வேண்டியவற்றுக்கான செட் எஃப்ட்ரேஸ் நோட்ரேஸ் கோப்பில் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள். இரண்டுமே உறையாமல் முழுப் பட்டியல் மட்டும் உறைந்தால், லாக்குகளைச் சரிபார்க்கும் லாக்டெப் மாதிரி கனமான டீபக் வசதிகள் ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள், வெறும் சுமையே மெஷின் உறைந்தது போலத் தெரியும்.

கடைசியில் ஒரு பெயர் மிஞ்சும். அதை மட்டும் நோட்ரேஸில் போட்டு மற்ற எல்லாவற்றையும் ட்ரேஸ் செய்யுங்கள். மெஷின் ஓடினால் சரி, சோர்ஸில் அந்த ஃபங்ஷனுக்கு நோட்ரேஸ் என்று குறித்து பேட்ச் அனுப்பலாம். அதற்கு முன் அதே பெயரில் வேறு ஸ்டாட்டிக் ஃபங்ஷன் இருக்கிறதா என்று சோர்ஸில் ஒரு கிரெப் போட்டுத் தேடிவிடுங்கள், ஃபில்டரில் பெயரைக் கொடுத்தால் இரண்டுமே சேர்ந்துதான் மாட்டும்.