திரவக் கணக்கா? முதலில் நீர்மட்டக் கோட்டைப் போடுங்கள்

சிங்கப்பூரின் துவாஸில் ஒரு கப்பல் பட்டறையில் பம்ப், பாலாஸ்ட் தொட்டி (கப்பலை நிலையாக நிறுத்த நீர் நிரப்பும் தொட்டி) வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் நாலைந்து தம்பிகள் நோட்டோடு வந்து உட்காருவார்கள். எல்லோரும் பகுதிநேர டிப்ளமோ படிக்கிறவர்கள். வெல்டிங்கில் கை தேர்ந்தவர்கள்தான், ஆனால் திரவக் கணக்கு வந்தால் பேனா நின்றுவிடும். அவர்களுக்குச் சொல்லித் தருவதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கேள்வியைப் படித்ததும் சூத்திரம் தேடாதீர்கள். படம் வரையுங்கள். படத்தில் முதல் கோடு நீர்மட்டம். தண்ணீர் காற்றைத் தொடுகிற அந்த இடத்தில் அழுத்தம் என்னவென்று யாரும் சொல்லாமலே நமக்குத் தெரியும்: வளிமண்டல அழுத்தம். தெரிந்த அந்த இடத்திலிருந்து கேட்ட இடத்துக்குப் படிப்படியாக இறங்கிப் போனால் விடை வந்துவிடும்.

அடுக்குமாடி புளோக்கின் மொட்டைமாடித் தொட்டியை எடுத்துக்கொள்வோம். தொட்டி நீர்மட்டத்துக்கு 14 மீட்டர் கீழே ஒரு வீட்டின் சமையலறைக் குழாய். குழாய் மூடியிருக்கிறது. அங்கே அழுத்தம் எவ்வளவு? அடர்த்தி, ஈர்ப்பு முடுக்கம், ஆழம் மூன்றையும் பெருக்குங்கள்: 1000 × 9.81 × 14 = 1,37,340 பாஸ்கல், ஏறக்குறைய 1.37 பார். அழுத்தமானியை அங்கே மாட்டினால் முள் காட்டுவதும் இதுதான். மானி காற்றழுத்தத்தைக் கணக்கில் சேர்க்காது. கேள்வியில் 'முழு அழுத்தம்' என்று இருந்தால் மட்டும் வளிமண்டலத்தின் 1,01,325 பாஸ்கலைக் கூட்டுங்கள்.

படிக்கிற காலத்தில் இதே மாதிரிக் கணக்கில் எனக்கு முழு மதிப்பெண்ணும் போனது. குழாய் 14 மீட்டர் கீழே இறங்கி, 8 மீட்டர் பக்கவாட்டில் ஓடியது. நான் 22 மீட்டர் என்று போட்டுவிட்டேன். குழாய் எத்தனை வளைவு வளைந்தாலும் சரி, நேர் செங்குத்து உயரம் மட்டும்தான் கணக்கு. தொட்டி அகலமா குறுகலா என்பதும் இங்கே பொருட்டில்லை. படத்தில் நீர்மட்டக் கோட்டிலிருந்து குழாய் வரை செங்குத்தாக ஓர் அம்புக்குறி போட்டிருந்தால் அந்தத் தப்பு நடந்திருக்காது.

அடுத்தது மிதப்பு. எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி, ஏனென்றால் தினமும் கண்ணால் பார்க்கிறேன். கப்பலின் முன்பக்கத்திலும் பின்பக்கத்திலும் வெள்ளை எண்கள் எழுதியிருக்கும். மீட்டர் அளவில் எழுதியதென்றால் ஒவ்வொரு எண்ணும் 10 சென்டிமீட்டர் உயரம். எண்ணின் அடிவிளிம்பைத் தண்ணீர் தொட்டால் அந்த எண்தான் கப்பல் மூழ்கியிருக்கும் ஆழம். அலை ஏறி இறங்கும், அதனால் மேல் அளவையும் கீழ் அளவையும் கொஞ்ச நேரம் பார்த்து நடுவை எடுப்போம். அந்த ஓர் அளவை வைத்துக்கொண்டு கப்பலின் எடையையே சொல்லிவிடலாம். இது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

20 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம் உள்ள பெட்டி வடிவ மிதவை கடலில் 1.5 மீட்டர் மூழ்கி நிற்கிறது என்று வையுங்கள். விலகிய நீர் 20 × 8 × 1.5 = 240 கனமீட்டர். கடல்நீரின் அடர்த்தி 1025. பெருக்கினால் 2,46,000 கிலோ. மிதக்கிற பொருள் தன் நிறைக்குச் சமமான நீரை விலக்கும், ஆகவே மிதவை 246 டன். அதன் நடுவில் 41 டன் கிரேனை ஏற்றினால் இன்னும் எவ்வளவு இறங்கும்? மிதவையின் அடிப்பரப்பு 20 × 8 = 160 சதுரமீட்டர். 41,000-ஐ (1025 × 160)-ஆல் வகுங்கள்: 0.25 மீட்டர். ஒரு சாண் நல்லாவே இறங்கும்.

கிரேனை இறக்கிவிட்டு அதே மிதவையை நன்னீரில் விட்டால்? நிறை மாறவில்லை, அடர்த்தி 1000 ஆகிவிட்டது. ஆழம் 1.5375 மீட்டர், கிட்டத்தட்ட 4 சென்டிமீட்டர் கூடுதல்.

முழுசாக மூழ்கிய பொருளுக்கு வழி வேறு. இங்கேதான் தம்பிகள் குழம்புகிறார்கள். 0.01 கனமீட்டர் எஃகுக் கட்டியைக் கயிற்றில் கட்டிக் கடலுக்குள் தொங்கவிடுகிறோம். எஃகின் அடர்த்தி 7850, ஆகவே நிறை 78.5 கிலோ, எடை 770 நியூட்டன். மிதப்பு விசைக்கு எந்த அடர்த்தியைப் போடுவது? நீரின் அடர்த்தியை. தள்ளுவது நீர், எஃகல்ல. 1025 × 9.81 × 0.01 = சுமார் 100.6 நியூட்டன். கழித்தால் கயிற்றில் இழுவிசை சுமார் 669.5 நியூட்டன். ஆழம் கூடினாலும் இது மாறாது.

பாய்வுக்கு ஒரு வாளியும் கைக்கடிகாரமும் போதும். 20 லிட்டர் வாளி 40 வினாடியில் நிரம்பினால் பாய்வு வீதம் வினாடிக்கு அரை லிட்டர், அதாவது 0.0005 கனமீட்டர். ரப்பர் குழாயின் உள்விட்டம் 25 மில்லிமீட்டர் என்றால் அதன் பரப்பு 0.000491 சதுரமீட்டர். வீதத்தைப் பரப்பால் வகுத்தால் வேகம் வினாடிக்கு 1.02 மீட்டர். நுனியில் 10 மில்லிமீட்டர் முனை மாட்டினால், அதே வீதம் ஓடும்போது வேகம் 6.37 மீட்டர். விட்டம் இரண்டரை மடங்கு குறைந்தது, வேகம் ஆறேகால் மடங்கு ஏறியது. மில்லிமீட்டரை மீட்டராக மாற்றுவதும், விட்டத்தைப் பாதியாக்கி ஆரம் எடுப்பதும் முதல் வரியிலேயே முடிந்துவிட வேண்டும். நான் திருத்துகிற தப்புகளில் பாதிக்குமேல் இந்த இரண்டும்தான்.

வேகம் அப்படி ஏற, முனைக்கு முன்னால் எவ்வளவு அழுத்தம் வேண்டும்? இதற்குப் பெர்னூலி சமன்பாடு: ஓடும் நீரின் அழுத்தம், வேகம், உயரம் மூன்றையும் இணைப்பது. குழாய் கிடைமட்டம், அதனால் உயரம் அடிபட்டுப்போகும். ½ × 1000 × (6.37² − 1.02²) = ஏறத்தாழ 19,800 பாஸ்கல். உராய்வை விட்டுவிட்டுக் கிடைத்த எண் இது. நிஜக் குழாயில் மானி இதைவிடக் கூடுதலாகத்தான் காட்டும்.

விடை வந்ததும் ஊரில் பார்த்த ஏதாவது ஒன்றோடு ஒப்பிடுங்கள். மரினா பராஜ் தடுப்பணையின் ஏழு பம்புகளும் ஒவ்வொன்றும் வினாடிக்கு 40 கனமீட்டர் தள்ளக்கூடியவை. 2500 கனமீட்டர் கொள்ளும் ஒலிம்பிக் நீச்சல்குளத்தை ஒரு பம்ப் காலி செய்ய 62.5 வினாடி. தோட்டக் குழாய்க் கணக்கில் உங்களுக்கு வினாடிக்கு 5 கனமீட்டர் என்று வந்திருந்தால், அலகு மாற்றிய வரிக்குத் திரும்பிப் போங்கள்.