மூச்சுக்குழாய்க்குள் ரியூப் போடும்போது ஏறும் குருதி அமுக்கம்: மருந்தும் நேரமும்

ரியூப் போடத் தொண்டையைப் பார்க்கும் கருவியான லாரிங்கோஸ்கோப் நாக்கடியைத் தூக்கியதும் இதயத்துடிப்பும் குருதி அமுக்கமும் ஏறும். ஓரிரு நிமிடங்களில் உச்சம், ஐந்து முதல் பத்து நிமிடங்களில் தணிவு. இந்த ஏற்றத்தை அடக்கக் கொடுக்கும் மருந்தின் உச்சம் அந்த நேரத்தோடு பொருந்தவேண்டும். பிழை பெரும்பாலும் இங்கேதான்.

பென்ரனில்: கிலோவுக்கு 2 முதல் 3 மைக்ரோகிராம், 3 முதல் 5 நிமிடம் முன், மெதுவாக. கடைசி நேரத்தில் கொடுத்தால் ஏற்றத்தைத் தடுக்காது, பிறகு அமுக்கத்தை விழுத்தும். லிக்னோகெயின் கிலோவுக்கு 1.5 மில்லிகிராம், 2 முதல் 3 நிமிடம் முன்; தனியே நம்பவேண்டாம். எஸ்மொலோல் கிலோவுக்கு 1 மில்லிகிராம், 2 நிமிடம் முன். துடிப்பை நன்றாக அடக்கும். ஆஸ்துமா, இதய மின்கடத்தல் தடை, குருதியிழப்பு இருந்தால் கூடாது.

வன்னியின் ஆதார வைத்தியசாலைகளுக்கு வயல் பூச்சிமருந்து குடித்தவர்களும் வருவார்கள். குடித்தது ஓகனோபொஸ்பேற்று வகைப் பூச்சிமருந்தென்றால் எஸ்மொலோல் வேண்டவே வேண்டாம். துடிப்பு ஏற்கெனவே குறைந்திருக்கலாம். இந்த நஞ்சுக்கான மாற்றுமருந்தான அத்ரோபினைத் தொடங்குங்கள், ரியூப்புக்காக அதைத் தாமதிக்கவேண்டாம். ரியூப் போடக் கொடுக்கும் சக்சமெதோனியத்தின் தசைத்தளர்ச்சி இவர்களில் நெடுநேரம் நீடிக்கும், தசை தளர்த்த ரொக்குரோனியம் நல்லது.

எந்த மருந்தானாலும், லாரிங்கோஸ்கோப் 15 செக்கனுக்குள் வெளியே வரவேண்டும். அமுக்கம் விழுந்தால் கொடுக்க எபெட்ரின் 30 மில்லிகிராமை 10 மில்லிலீற்றராகக் கரைத்து, லேபல் ஒட்டி, முன்னரே வையுங்கள். ஒருமுறைக்கு 1 முதல் 2 மில்லிலீற்றர்.